மூன்றாவது பிளக்கு

“துர்கா, சும்மாதான இருக்குற?” என்று கேட்டார் ராஜ்மோகன்.

“இல்ல மாமா. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன்.”

“அத வண்டில ஒக்காந்து படிக்க முடியுமா?”

“எந்த வண்டி?”

“நேத்து வந்துதே, வெள்ள வண்டி. உளுந்தூர்பேட்டை ரோட்டுல ஒரு ரவுண்டு போவணும். நான் ஓட்டுவேன், நீ பக்கத்துல ஒக்காந்து எழுதணும்.”

“எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதே மாமா.”

“தெரியாதவங்கதான் வேணும். தெரிஞ்சவன கூட்டிட்டுப் போனா வண்டி பேசுறதுக்கு முன்னாடி அவன் பேசுவான். நான் ‘இப்ப’ன்னு சொல்றப்ப அந்த ஸ்கேனர் பொட்டியில என்னா நம்பர் காட்டுதுன்னு எழுதணும், அவ்வளவுதான். மத்த நேரம் வாய மூடிக்கிட்டு ஒக்காரணும். இந்த வூட்டுல அது உன்னாலதான் முடியும்.”

“கேட்டுது, கேட்டுது” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ராஜ்மோகனின் மனைவி சிவசங்கரி, துர்காவின் அக்கா. “அவள கூட்டிட்டுப் போறதுன்னா இருட்டுறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடணும். வண்டி நடுவழியில நின்னுபோச்சுன்னு போன் வரக் கூடாது.”

“நின்னா பரவால்லயே. நின்னா கண்டுபிடிச்சிடுவேன். இது நிக்கவும் மாட்டேங்குது, ஒழுங்கா ஓடவும் மாட்டேங்குது.”

துர்கா புத்தகத்தை மூடினாள். கல்லூரியில் பாதி எழுதி மீந்திருந்த நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. துர்கா இப்போது ஓசூரில், வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் தரப் பிரிவில் இருக்கிறாள். ஏசி அறை, இரண்டு கணினித் திரை, அடையாள அட்டை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் வேளையில், அந்த வெள்ளைக் காரின் சூடான இருக்கையும் ஜன்னலுக்கு வெளியே ஓடும் முந்திரித் தோப்பும் அவளுக்கு நினைவு வருவதுண்டு. பேசாத பெண் என்று ஊரில் அவளுக்குப் பெயர். பேசாமல் இருப்பதற்காகவே ஒருவர் தன்னை வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ராஜ்மோகனின் அப்பா பானை செய்தவர். அம்மா சொர்ணாம்பாள் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசப் போவார். பன்னிரண்டாவதில் இரண்டு பாடம் போனதும், மகன் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று, அந்த அம்மாவே கூட்டிப்போய் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்த்துவிட்டார். அங்கே அவருக்குக் கிடைத்தது தட்டிப் பார்க்கும் மேசை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பீங்கான் கட்டையையும் இடது கை விரல்களில் தொங்கவிட்டு, வலது கையிலிருக்கும் கம்பியால் ஒரு தட்டு. கிண்ணென்று கேட்டால் நல்ல சரக்கு. டொக்கென்று கேட்டால் உள்ளே எங்கோ வெடிப்பு. கழிவுக் கூடைக்குப் போய்விடும்.

ஒரே ஒரு தட்டுதான். இரண்டாவது தட்டினால் பொருள் களைத்துவிடும் என்பது அந்த மேசையின் சட்டம். காது சந்தேகப்பட்டால் சிவப்பு மையைப் பூசித் துடைத்துப் பார்க்கலாம். வெடிப்பு இருந்தால் மை உள்ளே இறங்கி, மயிரிழை போலக் கோடு காட்டும். மறுபடி தட்டுவது மட்டும் கூடாது.

நாளுக்கு இரண்டாயிரம் கட்டை வீதம் எட்டு வருடம் தட்டினார். அந்தக் காது பிறகு சும்மா இருக்கவில்லை. கம்பெனி வாசலில் சரக்கு ஏற்ற நின்ற லாரியின் சத்தத்தைக் கேட்டு, “அண்ணே, உங்க வண்டில ஒரு சிலிண்டர் வேல செய்யல” என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சிரித்தார். ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது அது உண்மையாக இருந்தது. அந்த மெக்கானிக்கே ஆள் விட்டு அவரைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே நாலு வருடம். பிறகு கோயம்புத்தூரில் பந்தய வண்டிகளைத் தயார்செய்யும் பட்டறையில் மூன்று வருடம்.

தட்டும் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. தேங்காயைத் தட்டுவார், பூந்தொட்டியைத் தட்டுவார், கல்யாணப் பந்தியில் தண்ணீர் டம்ளரைத் தட்டுவார். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, சிவசங்கரி கொண்டுவந்து நீட்டிய காபிக் கோப்பையை வாங்கி, சுண்டுவிரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

“கைப்பிடிக்குக் கீழ வெடிப்பு இருக்குதுங்க” என்றார் மாமியாராகப் போகிறவரிடம். “இன்னும் பத்து நாளைக்கி வரும்.”

துர்காவின் அம்மா முகம் செத்துப்போனது. உள்ளறையில் சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, பள்ளிச் சீருடையோடு கதவோரம் நின்ற துர்காவுக்குத்தான் தெரியும். கோப்பை ஒன்பதாம் நாள் கைப்பிடி கழன்று விழுந்தது. அதற்குள் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் செராமிக் எஸ்டேட்டின் பின்பக்கச் சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டார். அதில் ரேடியோ கிடையாது. நெய்வேலி, பாண்டிச்சேரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்கள், கம்பெனி கொடுத்த வேகம் போதாமல் டர்போ போட்டு, இன்ஜினை மாற்றி ட்யூன் செய்த கார்களோடு அவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. பேச்செல்லாம் இங்கிலீஷில். யாராவது வண்டி சரியில்லை என்று எழுதினால், விருத்தாசலத்தில் ஒருவர் இருக்கிறார் என்று இன்னொருவர் பதில் எழுதுவார். கோயம்புத்தூரும் சென்னையும் இருக்கும்போது இந்த ஊருக்கு அப்படிப்பட்ட கார்கள் வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். ராஜ்மோகனிடம் விளம்பரப் பலகைகூட இல்லை. அந்த வாக்கியம் நின்றுபோனால் லாரியும் ஷேர் ஆட்டோவும்தான் மிச்சம்.

வெள்ளைக் கார் நெய்வேலி கோகுல்ராஜுடையது. சென்னையில் ஒரு வேகப்போட்டிக்கு மூன்றரை வாரம் இருந்தபோது கொண்டுவந்து விட்டார். இரண்டு மாதத்துக்கு முன் டர்போ அழுத்தத்தைக் கூட்டி, அதற்கு ஏற்ற, பெட்ரோலைப் பற்றவைக்கும் மெல்லிய பிளக்குகளை ராஜ்மோகன் கையாலேயே மாட்டிக்கொண்டு போனவர். அதே மாதம் பாண்டிச்சேரியில் தமிழ்செல்வன் என்பவரிடம் இன்ஜின் வயரிங் முழுவதையும் புதிதாகப் போட்டிருந்தார். அதிலிருந்து வண்டி மிஸ்ஸிங் அடித்தது. எப்போதும் அடித்தால் சொல்லிவிடலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறி, நாலாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது, கண் சிமிட்டும் நேரம் ஒரு உதறல். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பட்டறையில் நிறுத்தி எவ்வளவு முறுக்கினாலும் வாயைத் திறக்காது.

முதல் நாள் உளுந்தூர்பேட்டை ரோட்டில் பதினொரு கிலோமீட்டர் போன பிறகு ராஜ்மோகன் “இப்ப” என்றார். பெட்டி இரண்டாவது சிலிண்டரைக் காட்டியது. துர்கா எழுதினாள். நேரம், கியர், வேகம், வெப்பம் எல்லாம் இங்கிலீஷில். அவர் வாயில் வந்தது தமிழில். விக்குது. தும்முது. முழுங்குது. இந்த மூன்றும் வேறுவேறு உதறல்கள் என்பது நாலாம் நாள் அவளுக்கே பிடிபட்டது.

பொறி கொடுக்கும் காயிலை இரண்டாவதிலிருந்து நாலாவதுக்கு மாற்றிப் பார்த்தார். மிஸ்ஸிங் இரண்டாவதிலேயே இருந்தது. பெட்ரோல் தெளிக்கும் மூக்கை மாற்றினார், மாறவில்லை. பிளக்கைக் கழற்றி உரசிப் பார்த்து, புதிதாக ஒன்றை மாட்டினார். இரண்டாவது குணமாகியது, அடுத்த நாள் நாலாவது விக்கியது. முழு செட்டையும் மாற்றினார். ஒரு நாள் சுகம். பிறகு முதலாவது.

“நடக்குற நோயா இருக்குது” என்றார். “ஒரு எடத்துல நின்னாத்தான வைத்தியம் பாக்க முடியும்?”

துர்காவுக்கு அந்த மத்தியானங்கள் பிடித்துப்போயின. பேங்க் பரீட்சைப் புத்தகம் அலமாரிக்குப் போனது. திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்துவார்கள். ராஜ்மோகன் கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டுக் குடிப்பார். டீக்கடைக்காரர் விருத்தாம்பாள், வெற்றிலை போட்ட வாயோடு, “குடுத்த டம்ளரு தேறுச்சாப்பா, இல்ல பெயிலா?” என்று தினமும் கேட்பார். “ஜஸ்ட் பாஸ் ஆயா” என்பார் ராஜ்மோகன். காருக்குள் ஏறிவிட்டால் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே சத்தத்துக்காக இரண்டு பேர் காத்திருக்கும் மௌனத்தில் துர்காவுக்குக் கூச்சமே தோன்றவில்லை.

பத்து நாள் மீதியிருந்தபோது கோகுல்ராஜ் வந்தார்.

“என்னண்ணா, ஆள் புடிச்சாச்சா?”

“கிட்ட போயிட்டேன் தம்பி.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. குரூப்புல கேக்குறாங்க. ராஜ்மோகன் அண்ணனாலயே முடியலயான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

ராஜ்மோகன் கைத்துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “ஒரு எடத்துல இல்லாம மாறி மாறி வருதுன்னா வயரிங்தான். வேற என்னா இருக்கு?” என்றார்.

“எழுதிக் குடுங்க, போட்டுடறேன்.”

வயரிங்கில் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது என்று துர்காதான் இங்கிலீஷில் தட்டிக் கொடுத்தாள். கோகுல்ராஜ் அதைக் குழுவில் போட்டார். யார் போட்ட வயரிங் என்று குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை பட்டறைக்கு போன் வந்தது. ராஜ்மோகன் கை கிரீஸாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நோட்டைப் பிரித்து வைத்திருந்த துர்காவுக்கும் கேட்டது.

“அண்ணே, தமிழ்செல்வன் பேசுறேன். பாண்டியிலேருந்து.”

“சொல்லு தம்பி.”

“என் வயரிங்ல என்னா தப்பு பாத்தீங்க? எந்த எடம்னு சொல்லுங்க. நானே வந்து பிரிச்சுக் காட்டுறேன்.”

“எடம் இன்னும் கெடைக்கல தம்பி.”

“எடம் கெடைக்காமயே பேரு கெடச்சிடுச்சாண்ணே?”

ராஜ்மோகன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நேத்து ரெண்டு பேரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனாங்க. நான் உங்கள மாதிரி பெரிய ஆளு இல்லண்ணே. எடம் கெடச்சா சொல்லுங்க.” போன் வைக்கப்பட்டது.

அன்றும் மறுநாளும் ராஜ்மோகன் வயரிங்கின் டேப்பை விரற்கடை விரற்கடையாகப் பிரித்தார். ஒவ்வொரு முடிச்சும் கோயில் மாலை கட்டியதுபோல இருந்தது. “நம்மளவிட நல்லா பண்ணியிருக்கான்” என்று தனக்குள் முனகினார். மத்தியானச் சாப்பாடு தூக்குச் சட்டியோடு திரும்பிப் போனது.

துர்கா வீட்டில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எந்தச் சிலிண்டர் எந்தெந்த நாள் உதறியது என்று ஒரு தாளில் கட்டம் போட்டாள். இரண்டு, நாலு, ஒன்று, மீண்டும் நாலு, மீண்டும் இரண்டு. பிளக்குப் பக்கமே போகாத நாட்களில் புதிய சிலிண்டர் எதுவும் சேரவில்லை. கழற்றி மாட்டிய பிறகுதான் சேர்ந்தது. இன்னொன்றும் இருந்தது. கடைசி செட் போட்டதிலிருந்து மூன்றாவது ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. அந்த செட்டை மாட்டிய அன்று அவள் பட்டறைக்குப் போயிருக்கவில்லை.

“அக்கா, போன வாரம் பிளக்கு மாத்துன அன்னிக்கி நீ பட்டறையில இருந்தியா?”

“இருந்தேனே. சாப்பாடு எடுத்துட்டுப் போனேன்.” சிவசங்கரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அத்தை போன் பண்ணுனாங்க, இவரு பேசப் போயிட்டாரு. போறப்ப அந்த ‘கிளிக்’குங்குற ஸ்பேனர என் கையில குடுத்து, மூணாவத மாட்டிடுன்னாரு. கிளிக்குன்னதும் வுட்டுட்டேன். ஏன், தப்பா மாட்டிட்டனா?”

“தட்டிப் பாத்தியா?”

“எத?”

“பிளக்க. மாட்டுறதுக்கு முன்னாடி.”

“எதுக்குடி தட்டணும்? எனக்கு வேற வேல இல்லயா, அவரு மாதிரி?”

துர்கா தாளில் மூன்றாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பிளக்கின் மேல்பாதி வெள்ளைப் பீங்கான். ஒவ்வொரு பிளக்கையும் மாட்டுவதற்கு முன்னால் இடது கை விரல்களில் தொங்கவிட்டு, ஸ்பேனர் முனையால் அந்தப் பீங்கானை அவர் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அது அழகாக இருக்கும். கிண்ணென்று கேட்கும், புன்னகையோடு மாட்டுவார்.

அதைச் சொல்ல அவளுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. மறுநாள் மத்தியானம் பட்டறையில், கழற்றிய நாலு பிளக்கும் வரிசையாக மேசைமேல் கிடந்தன. ராஜ்மோகன் அவற்றை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, இதுங்கள இன்னொரு தடவ தட்டிப் பாருங்களேன்.”

“ஏற்கனவே தட்டுனது. ரெண்டாவது தட்டு தட்டக் கூடாது.”

“ஏன்?”

“களைச்சிடும்.”

அவள் நோட்டின் ஓரத்தைச் சுருட்டினாள், நீவினாள். “மொதத் தட்டுல களைக்காதா மாமா?”

ராஜ்மோகன் நிமிர்ந்து பார்த்தார். கட்டம் போட்ட தாளை அவள் நீட்டினாள். மூன்றாவதை மாட்டியது அக்கா என்று மட்டும் சொன்னாள். அவர் தாளை வாங்கிப் படித்தார், மடித்தார், பிரித்து மறுபடி படித்தார். பிறகு எழுந்துபோய், எஸ்டேட்டில் தனக்குத் தெரிந்த கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் சிவப்பு மை வாங்கிவந்தார். நாலு பிளக்குக்கும் பூசினார். காயவிட்டு, துணியால் அழுத்தித் துடைத்தார்.

மூன்றாவது வெள்ளையாக இருந்தது. மற்ற மூன்றிலும், ஸ்பேனர் முனை படும் இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது.

“ஃபியூஸ் கட்டை தடியா இருக்கும், தாங்கும்” என்றார். “சாதா வண்டி பிளக்குலயும் நான் தட்டித்தான் மாட்டிக்கிட்டிருக்கேன். அதுங்கள்ல வெடிப்பு விட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. இந்த வண்டி கேக்குற பொறி பெருசு. சூடேறி மிதிக்கிறப்ப, பொறி கீழ போவாம இந்த வெடிப்பு வழியா வெளிய ஓடியிருக்குது.” ஒரு பிளக்கை எடுத்து விரல்களில் தொங்கவிட்டார். வலது கை தன்னால் ஸ்பேனருக்குப் போனது. பாதியில் நிறுத்தி, ஸ்பேனரை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்.

புது செட்டைத் தட்டாமல் மாட்டினார். அன்று மாலை உளுந்தூர்பேட்டை வரை போய்த் திரும்பினார்கள். நாலாவது கியர், முழு மிதி, பத்துத் தடவைக்கு மேல். ராஜ்மோகன் ஒருதரம்கூட “இப்ப” என்று சொல்லவில்லை. நோட்டில் தேதி மட்டும் எழுதிய பக்கம் அப்படியே காலியாகத் திரும்பி வந்தது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கோகுல்ராஜின் வண்டி சென்னையில் உதறாமல் ஓடியது. ஆனால் அடுத்த நாலு மாதம் அந்தக் குழுவிலிருந்து ஒரு காரும் விருத்தாசலத்துக்கு வரவில்லை. பட்டறையில் லாரியும் ஷேர் ஆட்டோவும் நின்றன. ராஜ்மோகன் முகம் சுளிக்காமல் அவற்றைப் பார்த்தார். தமிழ்செல்வனை விட்டுப் போன இரண்டு பேரும் அவரிடமே திரும்பினார்கள். ஐந்தாவது மாதம் முதலில் வந்த காரை அனுப்பியதும் தமிழ்செல்வன்தான். “அண்ணே, பாத்துக் குடுங்க. தட்டாம” என்று போனில் சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சமயத்தில் துர்கா ஓசூருக்கு வந்துவிட்டாள். நேர்முகத் தேர்வில் என்ன அனுபவம் என்று கேட்டபோது, அந்த நோட்டைத்தான் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஆனால் அவள் மனதில் அடிக்கடி ஓடுவது அந்தக் காலிப் பக்கத்துக்குப் பிறகு நடந்த பேச்சு. காரைத் தோப்போரம் நிறுத்தியிருந்தார்கள். கோகுல்ராஜுக்கு அனுப்ப வேண்டியதை அவள் செல்லில் தட்டி முடித்திருந்தாள்.

“என்னா எழுதியிருக்குற? தமிழ்ல சொல்லு.”

“பிளக்குல வெடிப்பு இருந்தது, புதுசு மாத்தியாச்சு, இப்ப சரியா இருக்குதுன்னு.”

“வயரிங்?”

“அதப் பத்தி எழுதல மாமா. அவங்களா புரிஞ்சுக்குவாங்க.”

“வெடிக்க வச்சது யாருன்னும் எழுதல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எழுதுனா இனிமே ஒருத்தரும் வர மாட்டாங்க மாமா. பிளக்குல வெடிப்புங்கறது பொய் இல்லயே.”

“பொய் இல்ல.” ராஜ்மோகன் ஸ்டீயரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

“நான் சொல்றத நீ எப்பவும் கொஞ்சம் நயமா மாத்தித்தான் எழுதுவ, துர்கா. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னாலும் அது தெரியும். என் நல்லதுக்குத்தான் செய்யிற. இந்த ஒண்ண மட்டும் மாத்தாம எழுதிக் குடு. தமிழ்செல்வன் வயரிங் சுத்தமா இருக்குதுன்னு அத மொதல்ல போடு, அவன் பேரப் போட்டு. அதுக்கடுத்து என் பேரு. ராஜ்மோகன் பிளக்கத் தட்டுனாரு, அதனால வெடிச்சுதுன்னு எழுது. எழுதிட்டு, அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ தமிழ்ல படிச்சுக் காட்டு.”